பல்லில் படியும் படலமும் நம் வீட்டு வைத்தியமும்

"வயசு போனா பல்லும் போகும், அதுக்கு என்னா செய்யிறது?" தோட்டங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. நாற்பது வயதில் முன்பல் விழுந்த அண்ணனும் இதைத்தான் சொல்கிறார். ஐம்பது வயதில் சோற்றைக் குழைத்து விழுங்கும் அக்காவும் இதைத்தான் சொல்கிறார். தலை நரைப்பது போல, தோல் சுருங்குவது போல, பல் விழுவதும் வயதின் வேலை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

இது சரியல்ல. பல்லில் தினமும் படியும் அழுக்குப் படலம்தான் பலருடைய பல்லைக் கொண்டுபோகிறது. இந்த உண்மையை உலகத்துக்குக் காட்டிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் யார் தெரியுமா? நமது மலையகத் தேயிலைத் தொழிலாளர்கள்தான்.

பூண்டுலோயாவில் நடந்த ஆராய்ச்சி

கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டிக்கு வந்து, கம்பளை, புசல்லாவை, தவலந்தென்னை தாண்டிப் போனால் பூண்டுலோயா. அங்கே டன்சினன், ஹெரோ என்று இரண்டு தோட்டங்கள். 1970-ஆம் ஆண்டு நோர்வே நாட்டில் பிறந்த பல் விஞ்ஞானி ஹரால்ட் லோ என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் இந்தத் தோட்டங்களுக்கு வந்தார்கள். 14 வயது முதல் 31 வயது வரையுள்ள 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்து, ஒவ்வொரு பல்லையும் அளந்து எழுதிக்கொண்டார்கள். பிறகு 1971, 1973, 1977, 1982, 1985 என்று திரும்பத் திரும்ப வந்து அதே ஆட்களைப் பார்த்தார்கள். கடைசியாக 1985-இல் பார்க்கக் கிடைத்தவர்கள் 161 பேர்.

இவர்களை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? பற்சுகாதாரம் என்ற ஒன்றையே யாரும் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. பிரஷ் பிடித்துப் பல் விளக்கும் பழக்கம் இல்லை. பல் வைத்தியமும் கிடைத்ததில்லை. நன்றாகச் சாப்பிட்டு உழைக்கிற, திடகாத்திரமான ஆட்கள். ஆனால் ஏறக்குறைய எல்லோருடைய பல்லிலும் படலமும் காரையும் கறையும் நிறைந்திருந்தன. முரசு (ஈறு) வீங்கிச் சிவந்திருந்தது. ஆச்சரியம் என்னவென்றால் பற்சூத்தை மட்டும் அவர்களிடம் இல்லையென்றே சொல்லலாம். சூத்தை இல்லாத பல்லும் விழுந்தது என்பதுதான் இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

1986-இல் வெளியான முடிவு இது. 100 பேரை எடுத்துக்கொண்டால் 8 பேருக்கு முரசு நோய் மிக வேகமாக ஓடியது. 81 பேருக்கு நடுத்தர வேகம். மீதி 11 பேருக்கு முரசு சிவந்திருந்ததே தவிர, அதற்கு மேல் நோய் போகவில்லை.

வேகமாக ஓடியவர்களுக்கு 35 வயதுக்குள் 12 பல் போய்விட்டது. 40 வயதில் 20 பல். 45 வயதில் வாயில் ஒரு பல்லும் இல்லை! நடுத்தர வேகத்தில் போனவர்களுக்கு 30 வயதுக்கு மேல் பல் விழத் தொடங்கி, 45 வயதுக்குள் 7 பல் போய்விட்டது.

இதே ஆராய்ச்சிக் குழு நோர்வேயின் ஒஸ்லோ நகரத்திலும் படித்த ஆண்களின் பல்லை அளந்தது. அவர்கள் சின்ன வயதிலிருந்தே பல் விளக்குபவர்கள். பல் வைத்தியரிடம் போகிறவர்கள். நாற்பது வயதை நெருங்கும்போது, பல்லைத் தாங்கும் பிடிப்பில் அவர்கள் இழந்தது சராசரி ஒன்றரை மில்லிமீற்றர். நம் ஆட்கள் இழந்தது நாலரை மில்லிமீற்றர். பல்லின் வேரே ஏறக்குறைய 12 முதல் 17 மில்லிமீற்றர் நீளம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். நாற்பது வயது இரண்டு பக்கத்திலும் ஒன்றுதான். பராமரிப்புத்தான் வேறு. அப்படியானால் வயதின் மேல் மட்டும் பழி போட முடியுமா?

இந்த ஆராய்ச்சியின் கணக்கை உலகம் முழுவதும் பல் வைத்தியம் படிக்கும் பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்கள். நம் ஆட்களின் வாயிலிருந்து உலகம் கற்றுக்கொண்ட பாடத்தை, நாம் நம் லயத்துக்குள் கொண்டுவர வேண்டாமா?

பற்படலம் என்றால் என்ன?

பீலியடியில் தண்ணீர் விழும் கல்லைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். தினமும் தேய்த்தால் கல் சொரசொரப்பாக இருக்கும். நாலு நாள் விட்டால் வழவழப்பாகப் பாசி பிடிக்கும். எவ்வளவு தண்ணீர் விழுந்தாலும் அந்தப் பாசி தானாகப் போகாது, தேய்த்தால்தான் போகும்.

பல்லிலும் இதே கதைதான். நம் வாயில் எப்போதும் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கின்றன. பல்லைச் சுத்தம் செய்த சில மணி நேரத்திலேயே அவை திரும்பவும் பல்லில் ஒட்டிக்கொண்டு, பசை போன்ற ஒரு பொருளை உண்டாக்கி அதற்குள் குடியிருக்கத் தொடங்கும். இதுதான் பற்படலம். வாயில் தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்தால் சாப்பாட்டுத் துணுக்குப் போகும், படலம் போகாது.

உங்கள் வாயில் படலம் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். காலையில் எழுந்தவுடன், பல் விளக்கும் முன், நாக்கால் பல்லின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வழவழவென்று மெழுகியது போல இருந்தால் அது படலம். முரசும் பல்லும் சேரும் ஓரத்தில் நகத்தால் மெதுவாகச் சுரண்டினால், வெள்ளை மா போல நகத்தில் ஒட்டும். அதுவும் படலம்தான்.

இந்தப் படலத்தை எடுக்காமல் விட்டால் இரண்டு கெடுதல்.

முதலாவது, நாம் சாப்பிடும் சீனியை அந்தக் கிருமிகளும் சாப்பிட்டுப் புளிப்பை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பு பல்லைக் கரைத்துச் சூத்தையாக்குகிறது. அன்று அந்தத் தொழிலாளர்களிடம் சூத்தை இல்லை. ஆனால் இன்று நம் பிள்ளைகளின் கையில் டொபி, பிஸ்கட், கிரீம் பன், இனிப்புப் பானம் எல்லாம் தாராளமாகப் புழங்குகின்றன. ஆகவே, முரசு நோயோடு சூத்தையும் சேர்ந்து வரும் காலம் இது.

இரண்டாவது, முரசோரத்தில் தங்கும் படலம் முரசைப் புண்ணாக்குகிறது. முரசு சிவந்து வீங்குகிறது. பல் விளக்கும்போது இரத்தம் வருகிறது. இந்த நிலையில் கவனித்தால் முழுதாகக் குணமாகும். கவனிக்காவிட்டால் முரசு பல்லை விட்டு விலகி, இடையில் பை போலப் பள்ளம் விழும். அதற்குள் கிருமி இறங்கும். பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். சரிவில் மண் கழுவிப்போன இடத்தில் தேயிலைச் செடி வேர் தெரிய நிற்பதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அந்தச் செடி ஆடுவது போலத்தான் பல்லும் ஆடும். கரைந்துபோன எலும்பு தானாகத் திரும்ப வளராது.

படலம் காரையாகும் கதை

தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலின் உள்ளே வெள்ளையாகக் காரை பிடித்துக் கல்லாகி இருப்பதைச் சில இடங்களில் காணலாம். நம் எச்சிலிலும் சுண்ணச்சத்து உண்டு. எடுக்காமல் விட்ட படலத்தில் அந்தச் சத்து இறங்கி, சில நாட்களிலேயே அதைக் கல்லாக்கத் தொடங்கும். இதற்குத்தான் பற்காரை என்று பெயர். கீழ் முன்பற்களின் பின்பக்கத்திலும், மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப்பக்கத்திலும் இது அதிகம் பிடிக்கும். எச்சில் சுரக்கும் வாய்கள் அங்கேதான் இருக்கின்றன.

படலம் வேறு, காரை வேறு. படலம் மெத்தென்று இருக்கும். அதை நம் கையாலேயே எடுக்கலாம். காரை கல் போன்றது. பல் வைத்தியர் கருவியால்தான் எடுக்க வேண்டும். எந்த இலையும், எந்த எண்ணெயும், எந்தப் பொடியும் காரையைக் கரைக்காது. "இதைத் தேய்ச்சா ரெண்டு நாளில் காரை உதிர்ந்திடும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பன்னிரண்டு பேர் பல் விளக்காமல் இருந்தபோது

பூண்டுலோயாவுக்கு வருமுன், 1965-இல் இதே ஹரால்ட் லோவும் கூட்டாளிகளும் டென்மார்க்கில் ஒரு பரிசோதனை செய்திருந்தார்கள். நல்ல முரசு உள்ள 12 பேரைப் பல் விளக்குவதை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் 12 பேருக்கும் முரசு சிவந்து வீங்கியது. பிறகு திரும்பவும் ஒழுங்காகப் பல் விளக்கச் சொன்னார்கள். ஏறக்குறைய ஒரு கிழமையில் முரசு பழையபடி நலமாகிவிட்டது.

இதில் மருந்து ஏதும் இல்லை, ஊசியும் இல்லை. படலம் வந்தது, நோய் வந்தது. படலம் போனது, நோயும் போனது. "பல் விளக்கினால் இரத்தம் வருது, அதனால விட்டுட்டேன்" என்று சொல்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இரத்தம் வரும் இடம்தான் இன்னும் மெதுவாகவும் கவனமாகவும் சுத்தம் செய்ய வேண்டிய இடம். ஒன்றிரண்டு கிழமை விடாமல் சுத்தம் செய்தும் இரத்தம் நிற்கவில்லை என்றால், உள்ளே காரை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பல் வைத்தியரிடம் போக வேண்டும்.

நம் வீட்டு வைத்தியம்: எது உதவும்?

நம் தாத்தா பாட்டி காலத்திலிருந்து வரும் வைத்தியங்களில் நல்லதும் உண்டு, கெடுதலும் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

*வேப்பங்குச்சி, ஆலங்குச்சி.* "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்பது நம் பழமொழி. குச்சியின் நுனியை மென்று நாராக்கித் தேய்க்கும்போது அது பிரஷ் போலவே வேலை செய்கிறது. கட்டுகஸ்தோட்டை, அக்குறணைப் பக்கத்து முஸ்லிம் சகோதரர்கள் பயன்படுத்தும் மிஸ்வாக் குச்சியும் இந்த வகைதான். குச்சி பாவிக்கும் வழக்கம் உள்ள இடங்களில் அதை ஊக்குவிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. ஆனால் பலர் முன்பல்லை மட்டும் தேய்த்துவிட்டுத் துப்பிவிடுகிறார்கள். கடைவாய்ப் பல்லும் பல்லின் உள்பக்கமும் அப்படியே கிடக்கின்றன. குச்சி பாவிப்பவர்கள் பல்லின் எல்லாப் பக்கத்துக்கும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். முரசைக் குத்திக் கிழிக்காதபடி நாரை மெல்லியதாக மென்றுகொள்ளுங்கள். குளிர் கூடிய மேல்மலைத் தோட்டங்களில் வேம்பு எளிதில் கிடைக்காது. கிடைக்கவில்லையே என்று தேட வேண்டாம், பிரஷ் போதும். பெயர் தெரியாத காட்டுக் குச்சிகளை வாயில் வைக்கவும் வேண்டாம்.

*உப்புத் தண்ணீர்.* ஒரு கிளாஸ் இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளிப்பது முரசு வீக்கத்துக்கு இதமாக இருக்கும். பல் பிடுங்கிய மறுநாளிலிருந்து கொப்பளிக்கவும் இதையே சொல்கிறார்கள். இது படலத்தைத் துடைத்து எடுக்காது. பல் விளக்குவதோடு சேர்த்துச் செய்ய வேண்டிய துணை வேலை. கல் உப்பை எடுத்து நேராகப் பல்லில் தேய்ப்பது முரசைப் புண்ணாக்கும்.

*எண்ணெய் கொப்பளிப்பது.* நல்லெண்ணெய் கொப்பளிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாட்டில் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், முரசு வீங்கிய 20 பையன்களில் ஒரு பகுதியினர் பத்து நாள் காலையில் நல்லெண்ணெயும், மற்றவர்கள் வைத்தியர் கொடுக்கும் வாய்கழுவு மருந்தும் கொப்பளித்தார்கள். இரண்டு பக்கத்திலும் படலமும் முரசு வீக்கமும் குறைந்தன. 20 பேர் என்பது சிறிய கணக்கு. ஆகவே விருப்பம் உள்ளவர்கள் பல் விளக்குவதோடு சேர்த்துச் செய்யலாம். பிரஷ்ஷை வைத்துவிட்டு எண்ணெயை மட்டும் நம்பக் கூடாது. எண்ணெயை விழுங்காமல் துப்ப வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். புரையேறி எண்ணெய் நெஞ்சுக்குள் போனால் ஆபத்து.

*கொய்யா இலை.* துவர்ப்புள்ள இலை. மென்று துப்பினாலும், அவித்த தண்ணீரில் கொப்பளித்தாலும் வாய்க்குச் சுகமாக இருக்கும். கெடுதல் இல்லை. ஆனால் தேய்க்கும் வேலையை இலை செய்யாது.

*அப்பச்சோடா.* ஈர பிரஷ்ஷில் கொஞ்சமாகத் தொட்டுத் தேய்த்தால் படலத்தை எடுக்க உதவும். பல்லை அதிகம் தேய்க்காத மென்மையான தூள்தான். பற்பசை முடிந்த நாளுக்கு இது உதவும். இதில் புளோரைட்டு இல்லை என்பதால் தினமும் பற்பசைக்குப் பதிலாகப் பாவிக்க வேண்டாம்.

*நாம் பறிக்கும் கொழுந்து.* தேயிலையில் இயற்கையாகவே புளோரைட்டு உண்டு. அதன் துவர்ப்புச் சத்து கிருமியையும் ஓரளவு கட்டுப்படுத்தும். ஆனால் அந்தச் சாயத்தில் மூன்று கரண்டி சீனியைப் போட்டுக்கொண்டு இதைப் பேசினால் பலன் இல்லை. சீனி போடாத பிளேன் டீ பல்லுக்குப் பகையல்ல. கறை பிடிக்கலாம், ஆனால் கறை பல்லைக் கரைக்காது. சீனி இல்லாமல் இறங்காது என்பவர்கள் கரண்டியைக் குறைத்துக்கொண்டே வரலாம். பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இனிப்புத் தேத்தண்ணி உறிஞ்சுவதை விட, சாப்பாட்டு நேரத்தோடு குடித்து முடிப்பது நல்லது.

எது கெடுதல் செய்யும்?

*கரி, சாம்பல், செங்கல் தூள், மணல்.* இவற்றால் தேய்த்தால் பல் வெள்ளையாகத் தெரியும். காரணம், படலத்தோடு சேர்த்துப் பல்லின் மேலோட்டையும் அராவி எடுக்கிறது. மேலோடு போனால் திரும்ப வராது. பிறகு பல் கூசும்; பச்சைத் தண்ணீர் பட்டாலே துள்ளும். அடுப்பங்கரையில் கரி சும்மா கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் அதனால் போகும் பல்லுக்கு விலை உண்டு.

*தேசிக்காய், வினாகிரி.* காரை போகும், பல் வெளுக்கும் என்று சிலர் தேசிக்காய்த் தோலால் தேய்க்கிறார்கள். கிருமி உண்டாக்கும் புளிப்பே பல்லைக் கரைக்கிறது என்று மேலே பார்த்தோம். நாமே எதற்குப் புளிப்பைக் கொண்டுபோய்த் தேய்க்க வேண்டும்?

*கராம்பு.* பல் வலிக்குக் கராம்பெண்ணெய் கொஞ்ச நேரம் மரத்துப்போகச் செய்யும். அது நோயைத் தீர்க்காது. வலி நின்றுவிட்டது என்று விட்டால் சூத்தை உள்ளே போய்க்கொண்டே இருக்கும். எண்ணெயை முரசில் ஊற்றினால் முரசு வெந்து புண்ணாகும்.

*ஊசி, பிளேட், சட்டைப்பின்.* காரையை நாமே சுரண்டக் கூடாது. முரசு கிழிந்து கிருமி உள்ளே போகும்.

வெற்றிலையும் புகையிலையும்

"வெத்தில போட்டா பல்லு கெட்டிப்படும்" என்பது இன்னொரு பேச்சு. வெறும் வெற்றிலை வேறு. அதில் பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்த்து வாயில் அடக்கிவைப்பது வேறு. பாக்குத் தனியாகவே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று, உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2003-இல் முடிவு செய்தது. புகையிலை சேராவிட்டாலும் ஆபத்து உண்டு என்பதே இதன் பொருள். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய் முன்வரிசையில் நிற்கிறது.

பீடி, சிகரட் குடிப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. புகை முரசுக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. அதனால் உள்ளே நோய் இருந்தும் இரத்தம் வராது. "எனக்கு ரத்தமே வர்றதில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று ஏமாந்துவிடுகிறார்கள்.

வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தாலோ, புண் மூன்று கிழமையாகியும் ஆறாவிட்டாலோ, வாய் முன்பு போலத் திறக்க முடியாவிட்டாலோ, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலிக்கவில்லை என்று இருந்துவிட வேண்டாம், ஆரம்பத்தில் வலிக்காது.

எப்படிப் பல் விளக்குவது?

இதற்குப் பெரிய செலவு இல்லை. மென்மையான தூரிகையுள்ள சாதாரண பிரஷ், புளோரைட்டு உள்ள பற்பசை, இரண்டு நிமிஷ நேரம். இவ்வளவுதான்.

1. பிரஷ்ஷைப் பல்லும் முரசும் சேரும் ஓரத்தில் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். படலம் குடியிருக்கும் இடம் அதுதான்.

2. அரைச்சுற்றுப் போல மெதுவாக அசையுங்கள். பாத்திரம் தேய்ப்பது போல அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

3. வெளிப்பக்கம், உள்பக்கம், கடிக்கும் பக்கம் என்று மூன்று பக்கமும், ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஒழுங்காகப் போங்கள். மலையில் நிரை பிடித்துக் கொழுந்து எடுப்பது போல ஒரு பல்லையும் விட்டுவிடக் கூடாது.

4. பற்பசையைத் துப்பிவிடுங்கள். வாய் நிறையத் தண்ணீர் ஊற்றித் திரும்பத் திரும்பக் கொப்பளித்தால் புளோரைட்டும் போய்விடும்.

5. காலையில் பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் சரியாக விளக்க முடியாமல் போகலாம். அதனால் இரவு படுக்கும் முன் விளக்குவதைக் கட்டாயமாக்குங்கள். தூங்கும்போது எச்சில் குறைவதால் கிருமிக்குக் கொண்டாட்டம் இரவில்தான்.

பிரஷ்ஷை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நாள் ஞாபகம் இருக்காது என்றால் தைப்பொங்கல், சித்திரை வருஷப்பிறப்பு, ஆடி, தீபாவளி என்று நாலு தடவை புது பிரஷ் வாங்கிவிடுங்கள். வீட்டில் ஆளுக்கு ஒரு பிரஷ். ஒரே பிரஷ்ஷை எல்லோரும் பாவிக்கக் கூடாது.

*பிள்ளைகள்.* முதல் பல் முளைத்த நாளிலிருந்தே சுத்தம் செய்ய வேண்டும். மூன்று வயது வரை அரிசி அளவு பற்பசை, அதன் பிறகு பட்டாணி அளவு. ஏழு எட்டு வயது வரை பெரியவர்கள் கை கொடுக்க வேண்டும். தாய் வேலைக்குப் போயிருந்தால் தாத்தாவோ பாட்டியோ பார்த்துக்கொள்ளலாம். இனிப்புப் பால் போத்தலை வாயில் வைத்தபடி பிள்ளையைத் தூங்க விடாதீர்கள்.

*கர்ப்பிணித் தாய்மார்.* இந்தக் காலத்தில் உடம்பில் வரும் மாற்றத்தால் முரசு சீக்கிரம் வீங்கி இரத்தம் வரும். பயந்து பல் விளக்குவதை விடக் கூடாது. கிளினிக் போகும்போது வாயையும் காட்டுங்கள்.

*சீனி வருத்தம் உள்ளவர்கள்.* சீனி கூடினால் முரசு நோய் கூடும். முரசு நோய் கூடினால் சீனியைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டமாகும். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பல் வைத்தியரிடம் எப்போது போவது?

"பல்லுக்காக ஒரு நாள் பேரை விடுறதா?" என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஒரு நாள் பேர் போனால் அடுப்பங்கரை வரைக்கும் தெரியும் என்பதை நாங்கள் அறிவோம். ஆனால் கணக்கை முழுதாகப் பாருங்கள். காரை எடுக்க ஒரு நாள் போதும், அல்லது இரண்டு தடவை போக வேண்டி வரலாம். விட்டுவிட்டால் வலி, வீக்கம், காய்ச்சல் என்று எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாமல் கிடக்கிறோம்! பிறகு பல் பிடுங்கப் போகும் நாளையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

"காரை எடுத்தா பல்லு ஆடும், இடைவெளி விழும்" என்றும் சிலர் பயப்படுகிறார்கள். பல்லை ஆட்டுவது காரைக்கு அடியில் நடந்த கேடு. காரை போனதும் மறைந்திருந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது. சில நாள் பல் கூசும், பிறகு சரியாகும்.

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பல் வைத்தியம் இலவசம். கட்டுகஸ்தோட்டை, வத்தேகமை, பன்விலை, மடுல்கலைப் பக்கத்தில் இருப்பவர்கள் முதலில் தோட்ட டிஸ்பென்சரியில் காட்டி, கிட்டவுள்ள ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டுக்கொள்ளலாம். கண்டி தேசிய ஆஸ்பத்திரியிலும் பல் பிரிவு உண்டு. பேராதனையில் பல்கலைக்கழகப் பல் மருத்துவ பீடத்தோடு சேர்ந்து, பல்லுக்கென்றே பெரிய போதனா ஆஸ்பத்திரி இருக்கிறது. 3 முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பாடசாலைப் பல் கிளினிக்குகளில் பார்க்கிறார்கள். உங்கள் பாடசாலைக்கு எந்தக் கிளினிக் என்று அதிபரிடமோ ஆசிரியரிடமோ கேளுங்கள். ஒரே லயத்தில் நாலைந்து பேருக்குப் பிரச்சினை இருந்தால், பல் பரிசோதனை முகாம் ஒன்றைத் தோட்டத்துக்குக் கேட்டுத் தலைவர்மார், நலன்புரி உத்தியோகத்தர் மூலம் எழுதிக் கேட்கலாம்.

நாற்பது வருஷத்துக்குப் பிறகு

2010-ஆம் ஆண்டு ஆராய்ச்சியாளர்கள் திரும்பவும் அந்தத் தொழிலாளர்களைத் தேடிப் போனார்கள். 480 பேரில் 75 பேரைத்தான் பரிசோதிக்க முடிந்தது. எல்லோரும் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். நாற்பது வருஷத்தில் முரசு நோயால் அவர்கள் இழந்த பல் சராசரி 13. அந்த 75 பேரில் 12 பேருக்கு வாயில் ஒரு பல்லும் இல்லை. 4 பேர் மட்டும் முரசு நோயால் ஒரு பல்லையும் இழக்கவில்லை.

2017-இல் வெளியான இந்தக் கணக்கிலிருந்து தெரியவந்தது இதுதான்: புகைப்பதும் காரையும் நோயைத் தொடக்கி வைக்கின்றன. காரையும் படலமும் முரசு வீக்கமும் சேர்ந்து அதை முற்ற வைக்கின்றன. முப்பது வயதுக்கு முன்பே கவனிப்பது மிக முக்கியம்.

ஆகவே இந்தக் கட்டுரையை முக்கியமாக வாசிக்க வேண்டியவர்கள் பல் விழுந்த பெரியவர்கள் அல்ல. "எனக்கு ஒன்னும் இல்ல, பல்லு கல்லு மாதிரி இருக்கு" என்று சொல்லும் இருபது வயதுத் தம்பி தங்கைகள்தான். பூண்டுலோயாவில் அன்று பரிசோதிக்கப்பட்டவர்களும் அந்த வயதில் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இருக்கவில்லை. உங்களுக்கு அப்படியல்ல.

வீட்டில் ஒட்டி வையுங்கள்

• இரவு படுக்கும் முன் கட்டாயம் பல் விளக்குவோம், காலையிலும் விளக்குவோம்.

• குச்சியோ பிரஷ்ஷோ எதுவானாலும், எல்லாப் பல்லுக்கும் எல்லாப் பக்கமும் தேய்ப்போம்.

• உப்புத் தண்ணீர், எண்ணெய், கொய்யா இலை துணைக்கு மட்டும்.

• கரி, செங்கல் தூள், தேசிக்காய் பல்லுக்கு வேண்டாம்.

• முரசில் இரத்தம் வந்தால் பல் விளக்குவதை நிறுத்த மாட்டோம்; இரண்டு கிழமையில் நிற்காவிட்டால் பல் வைத்தியரிடம் போவோம்.

• காரையை நாமே சுரண்ட மாட்டோம்.

• பாக்கு, புகையிலை, பீடி, சிகரட்டை விடுவோம். ஆறாத புண்ணை உடனே காட்டுவோம்.

• பிள்ளைகளுக்கு டொபிக்குப் பதில் வாழைப்பழமோ கடலையோ கொடுப்போம்.